மழையில் கரைந்த பேருடல்

டைனோசர் பிடிக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால் சிரித்துக்கொண்டே பொம்மை வாங்கிக் கொடுப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய வங்கி ஊழியன் சொன்னால், ‘இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா’ என்கிற பார்வைதான் கிடைக்கும். எனக்கு அது பழகிவிட்டது. நகைக்கடன் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரரிடம் ராஜாசாரஸின் நெற்றிக் கொம்பைப் பற்றிப் பேசுகிற ஆள் நான். அவரும் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

நான் வளர்ந்தது அரியலூர் பக்கம். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் சிமென்ட் ஆலைகள் நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு 1956 ரயில் விபத்து. பள்ளிச் சுற்றுலா என்றால் கங்கைகொண்ட சோழபுரம், அதை விட்டால் கல்லணை. ராஜேந்திரன் கட்டிய கோயிலின் முன்னால் நின்று ஆயிரம் வருடம், ஆயிரம் வருடம் என்று வாய் பிளந்திருக்கிறோம். ஏழு கோடி வருடத்துச் சமாசாரம் காலுக்குக் கீழே கிடக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. வீட்டுக்குள் நுழையும்போது அவர் புருவத்தில்கூட வெள்ளைத் தூசு படிந்திருக்கும். சில நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து எங்களிடம் போடுவார். ஒரு பக்கம் குவிந்து, நுனி உள்ளே வளைந்து, உள்ளங்கையை நிறைக்கிற சிப்பி. ஆனால் கல். தட்டினால் கல் சத்தம்தான் வரும். கிரைஃபியா என்கிற சிப்பி அது என்பதும், கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் அது அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்பதும், நாடு முழுக்க வீடு கட்டப் போகும் சிமென்டில் அதுவும் அரைபட்டுப் போகிறது என்பதும் பின்னால் தெரிந்துகொண்டவை. அம்மாவுக்கு அது ஊறுகாய் ஜாடியின் வாய்த்துணி பறக்காமல் இருக்க உதவியது.

“ஏன்ப்பா, கடல் சிப்பி இங்க எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“இங்க கடல் இருந்துச்சுடா. இஞ்சினியர் சொன்னாரு” என்றார். அவ்வளவுதான். அவருக்கு மறுநாள் காலை ஷிப்டு.

டைனோசர் வேறு வழியாக என்னிடம் வந்தது. எண்பதுகளில் ஊருக்கு ஊர் புத்தக வேன் வரும். சோவியத் நாட்டில் அச்சடித்த புத்தகங்களை, இத்தனை தடித்த தாளை எப்படி இந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் வியக்கும்படி விற்பார்கள். அப்படி வாங்கியதில் ஒரு படத்தை நான் தேய்த்தே எடுத்துவிட்டேன். சேற்றுக் குட்டையில் கழுத்தளவு நீரில் நின்றபடி, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, சோம்பலாகத் தழை மேயும் பிராண்டோசாரஸ். அவ்வளவு எடையை நிலத்தில் கால்கள் தாங்காது, அதனால் தண்ணீரில்தான் மிதந்து வாழ்ந்திருக்கும் என்பது வெகுகாலம் இருந்த நம்பிக்கை.

அந்தப் படம் என் கண் முன்னாலேயே மாறியது. பிராண்டோசாரஸ் குட்டையிலிருந்து கரையேறியது. கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண்களாக நின்றன. வால் தரையை விட்டு எழுந்தது. நடந்த தடங்களில் வால் இழுபட்ட கோடு அநேகமாக இல்லையே, அப்புறம் எப்படி இழுத்திருக்கும்? 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸ் என்ற வேட்டை விலங்கை விவரித்தபோது, இவை மந்தமான பெரிய பல்லிகள் அல்ல, பறவைகளின் சொந்தக்காரர்கள் என்ற பேச்சு மீண்டும் சூடுபிடித்தது. 1996இல் சீனாவிலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் வந்தது. உடம்பெல்லாம் தூவி. பிராண்டோசாரஸ் என்ற பெயரையே நூறு வருடத்துக்கு மேல் தள்ளி வைத்திருந்தார்கள். 2015இல் ஓர் ஆய்வு அதைத் திரும்பக் கூப்பிட்டது. செத்து ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஆன பிராணி ஒன்று, உயிரோடு இருப்பவர்களைவிட வேகமாக மாறிக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. சினிமா நடிகரைப் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன். நடிகர் புதிதாக எதையும் சொல்வதில்லை.

‘ஜுராசிக் பார்க்’ திருச்சிக்கு வந்தபோது மாமா அழைத்துப் போனார். இங்கிலீஷ் படம், வசனம் பாதி புரியவில்லை, தேவையும் இருக்கவில்லை. தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அதிர்வு வந்தபோது தியேட்டரே மூச்சை அடக்கியது. இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்த மாமா, “இதெல்லாம் அமெரிக்காவுலதான்டா மாப்ள. நம்ம ஊருல ஓணான்தான்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படத்துக்கு ஜுராசிக் என்று பேர் இருந்தாலும் அதில் முக்கால்வாசி விலங்குகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. வெலாசிராப்டரோ நிஜத்தில் என் இடுப்புக்கும் வராது, மங்கோலியாக்காரன், 2007இல் அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் முடிச்சுகளைக் கண்டுபிடித்தார்கள். படத்தில் சமையலறைக்குள் பிள்ளைகளைத் துரத்தியது, ஆஸ்ட்ரமின் டைனோனிகஸை மனதில் வைத்துச் செய்தது. இதையெல்லாம் சொல்லி நான் பல பேருடைய சினிமா ரசனையைக் கெடுத்திருக்கிறேன்.

கல்லூரியில் நான் வணிகவியல். விடுதி அறைத்தோழன் ஜியாலஜி. அவன்தான் ஒருநாள், “உங்க ஊருக்குப் பக்கத்துல காரைக்கு ஃபீல்டு டிரிப் போறோம், வர்றியா?” என்றான். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. பஸ்ஸில் எத்தனையோ தடவை பக்கத்தில் கடந்திருப்பேன்.

ஒரு மரம் கிடையாது. மழை அறுத்து அறுத்து, மண் முழுக்க ஓடையும் முகடுமாக, மஞ்சளும் பழுப்புமாக விரிந்து கிடந்தது. காலை வைத்தால் காய்ந்த களிமண் பொருபொருவென்று உதிர்கிறது. அதற்கு நடுவே ஜிப்சம் தகடுகள் வெயிலில் பளிச்சிடுகின்றன. முதலில் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. அறைத்தோழன் குனிந்து எதையோ பொறுக்கிக் கொடுத்தான். சுட்டுவிரல் நீளம், துப்பாக்கித் தோட்டா வடிவம், தேன் நிறம். பெலம்னைட், கணவாயின் தூரத்து உறவான ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. ஒன்றைப் பார்த்த பிறகு கண் திறந்துகொண்டது. எங்கு பார்த்தாலும் பெலம்னைட். பின் அம்மோனைட் துண்டு. சுருளின் வெளிவளைவு மட்டும், வரிவரியாக மேடு. வீட்டில் பாட்டி துளசி வைத்துக் கும்பிட்ட சாளக்கிராமமும் இந்த வகைதான், இமயத்துப் பாறையிலிருந்து கண்டகி ஆறு உருட்டிக்கொண்டு வந்தது. பாட்டியிடம் சொன்னபோது, “அதனாலென்ன, பெருமாள் மச்சமா வந்தாரு, கூர்மமா வந்தாரு, இதுவாவும் வந்திருப்பாரு” என்று முடித்துவிட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காரையில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து இக்தியோசார். கண்ணால் காணவில்லை, கதையாகக் கேட்டேன். பார்க்க மீன் மாதிரி இருக்கும் ஊர்வன அவை, டைனோசர் அல்ல. நிலத்தில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து கடலுக்குத் திரும்பிப் போய், காலைத் துடுப்பாக்கி, முட்டையிடுவதை விட்டுக் குட்டி போட ஆரம்பித்த குலம். இங்கே கிடைத்த முதுகெலும்புகளை வைத்து ரிச்சர்ட் லைடெக்கர் 1879இலேயே இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். பின்னாளில் காரைக் களிமண்ணில் பற்களும் கிடைத்தன. அந்தக் குலமே மறையப்போகிற கடைசிக் காலத்தைச் சேர்ந்தவை அவை. டைனோசர்கள் முடிவதற்கு இரண்டரைக் கோடி ஆண்டுக்கு முன்பே இக்தியோசார்கள் கதை முடிந்துவிட்டது. அரியலூர்ப் பிள்ளை ஒருவனுக்கு, தன் மண்ணில் ஒரு குலத்தின் கடைசி ஆட்கள் நீந்தினார்கள் என்று தெரியவருவது சாதாரணமா? அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர்கள் 1840களிலேயே இந்தப் பாறைகளில் சிப்பி பொறுக்கியிருக்கிறார்கள். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1860களில் இந்தப் பகுதியை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா என்ற இளைஞர் இங்குள்ள கடல் உயிரிகளைத் தொகுதி தொகுதியாக விவரித்துவிட்டு, 1874இல் லடாக் வழியில் மலைக் குளிரில் இறந்துபோனார். ஊட்டத்தூர், அரியலூர், காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி என்று எங்கள் ஊர்ப் பெயர்களெல்லாம் உலக நிலவியல் புத்தகத்தில் பாறை வரிசைகளின் பெயர்களாக உட்கார்ந்திருக்கின்றன. பஸ் கண்டக்டர் கூவுகிற அதே வரிசை.

அப்படிப் படித்ததில் சிக்கியவர்தான் திராவிடோசாரஸ். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரியும் கிருஷ்ணன் அய்யாசாமியும் 1979இல் வைத்த பெயர். பிளான்ஃபோர்டின் நினைவாக முழுப்பெயர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. முதுகில் தகடு தகடாக நிற்கும் ஸ்டெகோசார் வகையில் இது சின்ன உருவம், மற்ற நாடுகளில் அந்த வகை அழிந்து வெகுகாலம் ஆன பிறகும் இங்கே தாக்குப்பிடித்தது என்றார்கள். 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் மறுத்தார்கள்: இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் எலும்புகள். 2017இல் பீட்டர் கால்ட்டனும் அய்யாசாமியும் மறுப்புக்கு மறுப்பு எழுதினார்கள்: ஸ்டெகோசார்தான். இதை என் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். வழக்கமாகத் தலையாட்டுகிறவர் அன்று நிமிர்ந்து உட்கார்ந்து, “திராவிடன்னு பேர் வச்சா ரெண்டு அணி ஆகாம இருக்குமா சார்?” என்றார்.

எனக்கு எந்த அணியிலும் உறுப்பினர் அட்டை இல்லை. பிளீசியோசாராகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் எனக்குப் பிரியமான பிராணிதான்.

யாதகிரியும் அய்யாசாமியும் சேர்ந்து வைத்த இன்னொரு பெயர்தான் நான் இத்தனை சுற்றி வந்ததற்குக் காரணம். அரியலூர் வட்டாரத்தில் கல்லமேடு. அந்தப் படிவு கடலில் சேர்ந்ததல்ல. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும். டைனோசர் யுகத்தின் கடைசிப் பக்கங்கள். அமெரிக்காவில் டைரனோசாரஸ் உலவிய அதே காலம். இங்கே எழுபதுகளின் பிற்பகுதியில் சில எலும்புகள் வெளிப்பட்டன: இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பில் ஒரு துண்டு, ஒரு முன்கால் எலும்பு, வாலில் ஒரு முள்ளெலும்பு, அப்புறம் ஒரு கெண்டைக்கால் எலும்பு. அந்தக் கெண்டைக்கால் எலும்பின் நீளம் இரண்டு மீட்டர். என்னைவிட உயரம். உலகத்தின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் அர்ஜென்டினோசாரஸின் அதே பகுதி எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

1987இல் அதற்கு ப்ருஹத்காயோசாரஸ் மாட்லி என்று பெயரிட்டார்கள். ப்ருஹத் காயம், பேருடல். மாட்லி, அதே பகுதியின் டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதிய சார்லஸ் மாட்லியின் நினைவாக. முதலில் அதை ஊன் தின்னி என்றே வகைப்படுத்தினார்கள். அந்த அளவில் ஓர் ஊன் தின்னி என்றால் மற்ற எல்லாமே அதற்குச் சோளப்பொரி. 1995இல் சாட்டர்ஜி, இது நீண்ட கழுத்துத் தழை தின்னி, சாரோபாட் என்று சரிசெய்தார். கட்டுரையோடு வந்தவை சில கோட்டுச் சித்திரங்கள். தெளிவாக ஒன்றும் சொல்லாத சித்திரங்கள். அதனால் சந்தேகம் வளர்ந்தது. எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரத்தண்டு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நியாயமான சந்தேகம்தான். எங்கள் பக்கத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது, எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகுக்குச் சொன்ன மரம். மரமும் எலும்பும் ஒரே வட்டாரத்தில் கல்லாகிக் கிடந்தால் குழப்பம் வரத்தான் செய்யும்.

எலும்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் வழக்கு. எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை. கல்லமேட்டுக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். உள்ளே கிடக்கிற எலும்பு நொறுங்கிப் போய்க்கொண்டே இருக்கும். எடுக்கும் இடத்திலேயே சிதைய ஆரம்பித்து, முழுதாக எதுவும் மிஞ்சவில்லை என்பதை 2017இல்தான் கால்ட்டனும் அய்யாசாமியும் பதிவு செய்தார்கள். 2022இல் அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். மண்ணில் பாதி புதைந்த எலும்புகள். மரம் என்ற பேச்சுக்கு அந்தப் படங்கள் பெருமளவு பதில் சொல்லிவிட்டன. 2023இல் கிரிகரி பாலும் லாரமெண்டியும் கணக்குப் போட்டு, இந்த விலங்கு 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருந்திருக்கலாம் என்றார்கள். மேல் எல்லையை எடுத்துக்கொண்டால் நீலத் திமிங்கிலத்தோடு தோள் உரசுகிற எடை. நிலத்தில் நடந்த ஜீவன்.

அண்ணன் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எட்டாவது படிக்கிறாள், எதையும் எளிதில் விடமாட்டாள்.

“சித்தப்பா, அதோட எலும்பு எந்த மியூசியத்துல இருக்கு?”

“எங்கயும் இல்லம்மா.”

“அப்ப அது நெஜம்னு எப்படிச் சொல்றீங்க?”

நான் போட்டோவைக் காட்டினேன். செல்போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். “பக்கத்துல ஒரு ஆளாவது நின்னிருக்கலாம்ல” என்றாள். நிபுணர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

பயிற்சிக்காக வங்கி என்னை ஹைதராபாத் அனுப்பியபோது பிர்லா அறிவியல் மையத்தின் டைனோசர் கூடத்துக்குப் போனேன். அங்கே கோட்டாசாரஸ் நிற்கிறது. ஆதிலாபாத் பகுதி யாமன்பள்ளியில் கிடைத்த எலும்புகளைச் சேர்த்துக் கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பழுப்பு நிறக் கால்கள், வளைந்து எழும் கழுத்து. சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல். பெயர்ப்பலகையில் கண்டதும் எனக்கு ‘சுரீர்’ என்றது: இதற்கு 1988இல் பெயர் வைத்தவரும் யாதகிரிதான். ஒருவரே ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு விலங்குகளுக்குப் பெயரிட்டார். ஒன்று கூரைக்குக் கீழே நிற்கிறது, பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். இன்னொன்று எங்கள் ஊர் மண்ணில் மண்ணாகிவிட்டது. நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். காவலாளி வந்து, “சார், டைம் அயிபோயிந்தி” என்று சொல்லிப் பார்த்துவிட்டு, புரியாதவன் என்று நினைத்துக் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பரபாசாரஸ் தாகோரையும் அதே கோதாவரிப் பள்ளத்தாக்கு ஆள்தான். புள்ளிவிவர மேதை மகலனோபிஸ், லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை அழைத்துவந்து தன் நிறுவனத்தில் நிலவியல் பிரிவை வளர்த்தார். அதன் பலன் அது. தாகூர் நூற்றாண்டான 1961இல் தோண்டியெடுத்ததால் கவியின் பெயர். மண்டையோடு கிடைக்கவே இல்லை. ஆனால் முந்நூறு எலும்புகள் கிடைத்தன, அத்தனையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தலையில்லாமலேயே உலகப் புகழ்.

ஒரு துண்டைப் பத்திரமாக வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சாட்சி குஜராத்திலிருந்து வருகிறது. தனஞ்சய் மொகாபே எண்பதுகளில் டோலி துங்ரியில் டைனோசர் முட்டைகளோடு ஒரு பாறைப் பாளத்தை எடுத்தார். முட்டை, பக்கத்தில் சிறு எலும்புகள். எல்லாம் குஞ்சின் எலும்பு என்றே எண்ணினார்கள். பாளம் பத்திரமாக இருந்தது. 2001இல் ஜெஃப் வில்சன் அதைப் பார்த்தபோது, சில முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விதத்தைக் கண்டு திடுக்கிட்டார்: இது பாம்பு. மூன்றரை மீட்டர்ப் பாம்பு, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு, பக்கத்தில் அப்போதுதான் வெளியே வந்த அரை மீட்டர்க் குஞ்சு. அந்தக் கணத்தில் மண் சரிந்து மூடியிருக்கிறது. 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தது மாதிரி. அந்தப் பாளம் இல்லாமல் போயிருந்தால், ‘டைனோசர் குஞ்சு’ என்ற பழைய குறிப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பாம்பை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள். கெட்டிக்காரர்கள் பிறந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்கள் வரும்வரை பொருள் இருக்க வேண்டும்.

கல்லமேட்டுக்கே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் அங்கிருந்து மண்ணை அள்ளிச் சலித்துச் சலித்துத் தேடியதில் ஒரு பல் அகப்பட்டது. சில மில்லிமீட்டர்தான். ட்ரூடோண்டிட் என்ற, மூளை பெரிதான சின்ன வேட்டை டைனோசரின் பல் என்று 2013இல் அறிவித்தார்கள். வடக்குக் கண்டங்களில் மட்டும் இருந்ததாக எண்ணிய குலம், தனித் தீவாகக் கடலில் நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவில் எப்படி? இன்னும் விவாதம் ஓடுகிறது. மடகாஸ்கரில் இருந்த சிமோசூக்கஸ் என்னும் மொண்ணை மூக்கு முதலையை ஒத்த பல்லும் அதே மண்ணில் கிடைத்தது. சிமோசூக்கஸ் செடி கொடி தின்ற முதலை. சைவ முதலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனாலேயே அது என் செல்லம். அரிசிமணி அளவுப் பல் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆள் உயரக் கெண்டைக்கால் எலும்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு கல்லமேட்டுப் பக்கம் போனேன். ஓடைக்கரை. கருவேல முட்கள், ஆட்டுப் புழுக்கை, அறுந்த செருப்பு. சாம்பல் பச்சையாகவும் சிவப்பாகவும் களிமண். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கங்கே வெளுத்த சில்லுகள் கிடந்தன. அறைத்தோழன் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்த உபாயம்: சந்தேகமான சில்லை நாக்கு நுனியில் வைத்துப் பார். வெறும் கல் என்றால் விழுந்துவிடும். எலும்பு என்றால் உள்ளே நுண்துளைகள் இருப்பதால் ஈரத்தை இழுத்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரல் நகம் அளவுச் சில்லு ஒன்றை ஊதித் துடைத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. உப்பும் புழுதியுமாக ஒரு ருசி. அவளும் “எனக்கு, எனக்கு” என்று வாங்கி வைத்துப் பார்த்தாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு இதையெல்லாம் கவனித்தபடி இருந்தார்.

“என்னாப்பா தேடுறீங்க? காசு கீசு வுட்டுட்டீங்களா?”

“இல்ல ஆயா, பழைய எலும்பு.”

“எலும்பத் தின்னா பாக்கறீங்க?” என்று சிரித்தார். பிறகு, “மழ பேஞ்சு விட்டுச்சுன்னா வெளிய தெரியும். அடுத்த மழைக்கி இருக்காது” என்றார்.

ஆராய்ச்சிக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். சில்லை எடுத்த இடத்திலேயே வைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். சில்லைக் கையோடு எடுத்துப் போகலாமே என்று அவளுக்கு ஆதங்கம். எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் கல் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

அவளை நேரே அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பகுதியின் அம்மோனைட்டுகள், சிப்பிகள் எல்லாம் அங்கே பெயர்ச்சீட்டோடு இருக்கின்றன. கிரைஃபியாவைப் பார்த்து, “பாட்டி வீட்டு ஊறுகாய்க் கல்லு” என்று கத்தினாள். கூட்டமே இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது இப்படி ஓர் இடம் இருந்திருந்தால் என் மாமா ஓணான் கதை சொல்லியிருக்க மாட்டார்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் குளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அவை முட்டை அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றி இறுகிய படிவக் கற்கள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். சிலர் அதைக் கேலி செய்தார்கள். நான் மாட்டேன். வித்தியாசமான கல்லைப் பார்த்ததும் உடைக்காமல், ஊரைக் கூட்டி, நிபுணர் காதுக்குச் செய்தி போகும்படி செய்தார்களே, அதுதான் வேண்டும். முட்டையா, அம்மோனைட்டா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே அரியலூர், பெரம்பலூர் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள், குளம் தூர்வாருகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். எலும்பு மாதிரி, பல் மாதிரி, சுருள் மாதிரி எது தென்பட்டாலும் பெயர்த்து எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு மண்வெட்டியையோ, முடிந்தால் ஓர் ஆளையோ நிறுத்திச் செல்போனில் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ, கல்லூரி நிலவியல் துறைக்கோ, ஆட்சியர் அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.